கைக்குட்டைக்கு 7 வருஷம்

இந்நேரம் வரை பாயிண்ட் புவெர் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், போர்ட் ஆர்தர் சிறைக்கு எதிரே கடலுக்குள் நீளும் பாறைமுனை. பிரிட்டனில் திருடிப் பிடிபட்டு நாடு கடத்தப்பட்ட பையன்களை 1834 முதல் 1849 வரை அங்கே அடைத்துவைத்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர். ஆகச் சின்னவனுக்கு 9 வயது!

லண்டன் தெருவில் கைக்குட்டை உருவியதற்கெல்லாம் 7 வருஷம். மாதக்கணக்கில் கப்பல் பயணம். தண்டனை முடிந்தாலும் ஊர் திரும்ப அரசு கப்பல்கூலி தராது. பெரும்பாலானவர்கள் திரும்பவே இல்லை. அந்த அம்மாக்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அங்கே தச்சு, செருப்புத் தைப்பது, கல் கொத்துவது எல்லாம் பழக்கியிருக்கிறார்கள். போர்ட் ஆர்தர் தேவாலயம் இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. அதன் கற்களைக் கொத்தியதில் இந்தப் பிள்ளைகளின் கையும் உண்டு.

என் மகனுக்கும் 9 வயது. பக்கத்தில் தூங்குகிறான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.