பதினேழாம் எண்

மே 22, 2023

கழுத்தில் ஊசி வைத்து எடுத்துவிட்டார்கள். முடிவு வியாழக்கிழமை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் கை தானாக அங்கே போகிறது.

மே 23

முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு ஜூன் 16. நெறியாளர் அழைத்துச் சொன்னார். நாலாம் அத்தியாயத்தில்தான் கேள்வி வரும் என்கிறார். எனக்கும் அந்த அத்தியாயத்தை நினைத்துத்தான் பயம், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. இரவு, ஆய்வில் பதினேழாம் எண் கொடுத்த மாணவியின் இணைய வகுப்புப் பதிவை மறுபடி திறந்து பார்த்தேன்.

மே 25

ஆறு வகைகளில் மூன்றாவது வகையாம். புற்று என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கட்டி வளர்ந்துகொண்டே இருப்பதால் எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். தைராய்டுக்குப் பின்னால் குரலுக்கான நரம்பு ஓடுவதைத் தாளில் வரைந்து காட்டினார். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் காட்டவில்லை.

மே 27

தலைமையாசிரியர் ஒருவருடன் ஒரு மணி நேரம் பயிற்சி அழைப்பு. இலக்கு, இன்றைய நிலை, வழிகள், மன உறுதி: ஜான் விட்மோர் 1992-இல் புத்தகம் எழுதிப் பரப்பிய படிகள், எனக்கு மனப்பாடம். "இந்த வருடம் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று தொடங்கினேன்.

"தூக்கம் வேண்டும் மேடம்."

ஏப்ரல் முழுக்க, மாலையில் பள்ளிக் கதவைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாராம். வண்டியைக் கிளப்பத் தோன்றாதாம். பிள்ளைகளின் பெயர் மறந்துபோகிறதாம். "இருபது வருடத்தில் இப்படி ஆனதில்லை மேடம். யாருக்காகச் செய்கிறேன் என்றே தெரியவில்லை."

மனம் வற்றிப்போவது, மனிதர்கள்மேல் ஒட்டுதல் விட்டுப்போவது, செய்த வேலைக்குப் பயனில்லை என்று தோன்றுவது. பணிச்சோர்வை அளக்கும் கிறிஸ்டினா மாஸ்லாக்கின் 1981 அளவுகோலில் இருக்கும் இந்த மூன்றையும் எத்தனை வகுப்பில் பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்! எங்கள் கையேட்டில் இதற்கு மூச்சுப்பயிற்சி என்றிருக்கிறது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூச்சுப்பயிற்சி நல்லதுதான், நானே தினமும் செய்கிறேன். ஆனால் எழுத்தர் இல்லாத பள்ளியில், பாடமும் எடுத்து, செயலியில் பதிவும் போட்டு, நன்கொடை கேட்டு வாசல் வாசலாக ஏறுகிறவரிடம் மூச்சைக் கவனியுங்கள் என்பது அநியாயம். வேலையிடத்தின் தீராத அழுத்தத்தால் வருவது இது என்று உலக சுகாதார நிறுவனமே 2019-இல் சொல்லிவிட்டது. மாற வேண்டியது வேலையிடம்.

மே 31

வெயில். குரல் கரகரக்கிறது. வெயிலால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 3

தூக்கம் வரவில்லை. பதினேழு.

என் ஆய்வில், 2020 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை இணைய வகுப்பில் 41 மாணவர்கள். பதினேழு ஒரு நாளும் கேமராவைத் திறக்கவில்லை. இரவு 10.52-க்கு உள்ளே வந்திருக்கிறாள், நாலு நிமிடம். 11.10-க்கு, ஆறு நிமிடம். நான் எழுதியது: "குறைந்த ஈடுபாடு".

நேர்காணல் தாளை இன்று முழுதாகப் படித்தேன். "அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் போன் கிடைக்கும் மிஸ். பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு நெட்டை அணைத்துவிடுவேன்." அந்த நாலு நிமிடம் பாடம் இறங்கிய நேரம். அதன்பின் அவள் படித்தது எந்தப் பதிவிலும் ஏறாது. அவள் அனுப்பிய நோட்டுப் படங்கள் பின்னிணைப்புக் கோப்பில் இருக்கின்றன, 38 பக்கம். பக்கம் புரளாமல் இருக்க ஓரத்தில் எவர்சில்வர் டம்ளர். எல்லாப் படத்திலும் அதே டம்ளர், அடியில் ஒரு நசுங்கல். எழுத்தின்மேல் கையின் நிழல்.

கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2000-இல், சக மனிதராகத் தெரிவது சமூக இருப்பு, யோசித்துப் புரிந்துகொள்வது அறிதல் இருப்பு, வழிநடத்துவது கற்பித்தல் இருப்பு என்று பிரித்தது, கணினியில் எழுத்து வழியாக மட்டும் நடந்த உரையாடல்களுக்காக. முகம் தெரியாத அந்த வரிகளில் அவர்கள் ஆளைப் பார்த்தார்கள். அவர்கள் பெயரை முப்பது இடத்தில் எழுதிய நான் நிமிடங்களை எண்ணியிருக்கிறேன்.

ஜூன் 5

பள்ளித் திறப்பை மறுபடி தள்ளிவைத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு 12, சின்னவர்களுக்கு 14. ஸ்கூட்டர் அம்மாவிடமிருந்து செய்தி: "இன்னும் ஒரு வாரம் தூங்கலாம் மேடம்."

ஜூன் 8

"கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்" என்கிறார் நெறியாளர். சமர்ப்பித்த ஆய்வேட்டில் இனிக் கைவைக்க முடியாதாம். என் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஆனால் நான் "குறைந்த ஈடுபாடு" என்று எழுதிய பட்டியலில் இப்படி இன்னும் எத்தனை பேர்? இரவில் வந்தவர்களை மட்டும் எண்ணினேன். ஒன்பது.

ஜூன் 10

அறுவை சிகிச்சை 21-ஆம் தேதி. குரல் சில வாரம் கம்மியிருக்கலாம், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். "பெரும்பாலும்" என்ற சொல் நாள் முழுக்க உடன் வந்தது.

தலைமையாசிரியர்களுக்கான எட்டு ஒலிப்பாடங்களில் மூன்று பாக்கி. மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதிவு செய்தேன். மகள் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "ஏன் அம்மா இவ்வளவு அவசரம்?" என்றாள். அப்போதுதான் அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன்.

ஜூன் 12

ஒரு பாடம் முடிந்தது.

ஜூன் 15

நாளை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லப்போகிறேன். அதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய கோப்பில் எண் இருந்தது. அவள் அப்பாதான் எடுத்தார். பிளஸ் டூ முடித்துவிட்டு இப்போது துணிக்கடைக்குப் போகிறாளாம், வீடு வர ஒன்பதரை ஆகுமாம். "அப்போது கூப்பிடுங்கள் மிஸ், போனை வீட்டிலேயே வைத்திருக்கிறேன்" என்றார்.

மணி இப்போது எட்டு ஐம்பது.