கேள்வித்தாளுக்குள் ஒளிந்திருக்கும் தத்துவம்

"தத்துவம் எல்லாம் எதற்கு, நேராகத் தரவுக்குப் போவோம்" என்று சமூகவியல் படிப்பவர்களே சொல்வதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. எதைத் தரவு என்று ஏற்பது என்பதே தத்துவக் கேள்விதானே?

சமூகவியலின் முன்னோடிகளில் ஒருவரான பிரெஞ்சு அறிஞர் துர்க்கெய்மையே எடுத்துக்கொள்வோம். சட்டம், வழக்கம் போன்ற சமூக உண்மைகளைப் பொருட்களைப் போலக் கருத வேண்டும் என்று 1895-ல் எழுதினார். அவை தனிமனிதனுக்கு வெளியே இருந்து அவனை அழுத்துபவை, ஆகவே வெளியிலிருந்தே ஆராயலாம் என்பது அவர் நிலை. சமூகத்தையும் இயற்கை அறிவியலைப் போலக் கவனித்தறியும் உண்மைகளை வைத்தே ஆராய வேண்டும் என்ற தத்துவவாதி காம்ட்டின் நேர்க்காட்சிவாதத்தின் தடம் இதில் தெளிவாகவே தெரிகிறது. 1897-ல் தற்கொலையை ஆராய்ந்தபோது, அரசுப் புள்ளிவிவரங்களை வைத்து, கத்தோலிக்கர்களைவிடப் புராட்டஸ்டன்ட்களிடம் விகிதம் அதிகம், சமூகப் பிணைப்பு தளர்ந்திருப்பதே காரணம் என்று வாதிட்டார். இறந்தவர் மனதில் என்ன இருந்தது என்ற கேள்வியைத் தெரிந்தேதான் ஒதுக்கினார்.

சரி, அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 1967-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஒரு மரணம் தற்கொலையா இல்லையா என்று யாரோ ஓர் அதிகாரி முடிவு செய்து எழுதுகிறார், பிணைப்பு இறுக்கமாக உள்ள இடத்தில் அதை மறைக்கக் குடும்பத்துக்குக் காரணமும் அதிகம், அப்படியென்றால் துர்க்கெய்ம் அளந்தது தற்கொலையையா, பதிவு செய்யும் பழக்கத்தையா? இந்தச் சந்தேகம் எழுவதற்கு வேறொரு தத்துவம் தேவைப்பட்டது. மனிதர்கள் தங்கள் உலகுக்கு எப்படி அர்த்தம் கொடுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கும் தத்துவவாதி ஹுஸ்ஸெர்லின் நிகழ்வியலைச் சமூகச் சிந்தனையாளர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ் 1932-லேயே சமூகவியலுக்குள் கொண்டுவந்திருந்தார்.

எனக்கு இவர்களைவிட ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர்தான் நெருக்கம். தத்துவவாதி காண்ட்டின் சிந்தனையைப் புதுப்பித்த ரிக்கெர்ட் போன்ற நவகாண்டியவாதிகளோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர் அவர். செயலின் அர்த்தத்தைப் புரிந்துகொள்வதும் காரணத்தை விளக்குவதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்று பிடிவாதமாக நின்றார்.

இன்றைக்கு "உங்கள் வாழ்க்கைத் திருப்திக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுங்கள்" என்று கேட்கும் கருத்துக்கணிப்பும் ஒரு தத்துவத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. திருப்தி என்பது உள்ளே ஓர் அளவாக இருக்கிறது, என்னுடைய 4-ம் உங்களுடைய 4-ம் ஒன்று என்று அது எடுத்துக்கொள்கிறது. அது சரியாகவே இருக்கலாம், ஆனால் வாதிட்டு நிறுவ வேண்டியது அல்லவா? அதனால்தான் முறையியல் பாடத்தில் புள்ளியியல் மென்பொருளை முதல் வாரமே திறந்துவிடுவதை நான் எதிர்க்கிறேன். முதலில் துர்க்கெய்மையும் டக்ளஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும், அப்புறம் எண்ணத் தொடங்கலாம்.