டக் டக் டக்

டேஷ்போர்டுக்குள்ளே பல்லி கத்துவது போல ஒரு சத்தம். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பத்து முறை அடித்துவிட்டு நின்றுவிடும்.

குமுளியில் சாரல். கண்ணாடியில் ஆவி படிந்ததால் ஹீட்டரைத் திருப்பினேன். லோயர் கேம்ப் இறங்கிக் கம்பம் வந்த பிறகும் அதே சூடுதான். ஏசியைக் கடைசி வரை திருப்பியும் முகத்தில் அடுப்படிக் காற்று.

முதலில் போன கடையில் கேஸ் போடச் சொன்னார்கள். போட்டேன். பணம்தான் கரைந்தது.

இன்று வேறொரு மெக்கானிக். கேஸ் அளக்கும் மீட்டரை எடுக்கவே இல்லை. பானட்டைத் திறந்து, ஏசியின் தடித்த குழாயைத் தொட்டார். சில்லென்று வேர்த்திருந்தது.

"ஏசி நல்லாத்தான் இருக்கு தம்பி. வண்டிய ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

தரையில் மல்லாந்து, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துக் காது வைத்தார். டக் டக் டக்.

சிரித்துவிட்டார்.

உள்ளே ஒரு சின்ன மடல். குளிர்ந்த காற்றில் எவ்வளவு ஹீட்டர் வழியாகப் போக வேண்டும் என்று பிரிப்பது அதுதான், குமுளி செக்போஸ்ட் மாதிரி. அதைத் திருப்பும் குட்டி மோட்டாரில் பிளாஸ்டிக் பல்சக்கரம். ஒரு பல் போயிருந்தது. மோட்டார் சுற்றுகிறது, பல் வழுக்குகிறது, மடல் சூட்டுப் பக்கமே நிற்கிறது.

மூன்று ஸ்க்ரூ. மோட்டார் மதுரையிலிருந்து நாளை வரும். அதுவரை மடலைக் கையாலேயே குளிர் பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்.

எத்தனை நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததோ அந்தச் சத்தம்! நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன்.

உடைந்த சக்கரத்தை வாங்கி வந்துவிட்டேன். மேஜையில் இருக்கிறது, சட்டைப் பொத்தான் அளவுதான்.