பிரேக் இல்லாத வண்டியும் தொப்பூர் இறக்கமும்

தருமபுரிக்காரர்களுக்கு இறக்கம் என்றால் அது தொப்பூர் இறக்கம்தான். சேலத்துக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 வளைந்து வளைந்து கீழே சரியும் அந்தக் கணவாயில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரிகள் கட்டுப்பாட்டை இழந்து முன்னால் சென்ற வாகனங்களின் மீது மோதிய செய்திகளைப் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். என் அப்பா முப்பத்தோர் ஆண்டுகள் லாரி ஓட்டினார். எத்தனையோ இரவுகள் பாரத்தோடு அந்த இறக்கத்தில் இறங்கியிருக்கிறார். அப்படிப்பட்டவரை ரோலர் கோஸ்டரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதைக் கடந்த மாதம் ஒரு சனிக்கிழமையன்று தெரிந்துகொண்டேன்.

பெங்களூருவைத் தாண்டி மைசூரு சாலையில் பிடதிக்கு அருகே இருக்கும் வொண்டர்லா பூங்காவுக்குப் போக வேண்டும் என்பது என் மகனின் இரண்டாண்டுப் பிடிவாதம். பெரிய சவாரிகளுக்கு 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சமையலறைக் கதவின் நிலையில் பென்சிலால் கோடு போட்டு வந்தான். கோடு தாண்டியதும் புறப்பட்டோம். விடியற்காலை நான்கரை மணிக்குத் தருமபுரியிலிருந்து கிளம்பிக் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டியை அடைந்து, அங்கிருந்து நைஸ் சாலையைப் பிடித்தோம். அப்பா முன் இருக்கையில் அமர்ந்து, நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தாமும் காலை அழுத்திக்கொண்டே வந்தார். பிடதியில் தட்டை இட்லி சாப்பிட்டது ஒன்றுதான் அவர் வாய்விட்டுப் பாராட்டிய விஷயம். (நம் ஊர் இட்லிக்கு அது அண்ணன் என்றார், எனக்கு அப்படித் தோன்றவில்லை.)

ரீகாயில் என்று பெயர் வைத்திருக்கும் கோஸ்டருக்கு முதலில் போனோம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக்கூடாது என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த மாத்திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அப்பா தாமாகவே விலகிக்கொண்டார். அவர் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வரிசையில் நின்றோம். அந்த நாற்பது நிமிடத்தில் வண்டி எத்தனை முறை போய் வந்ததோ அத்தனை முறையும் அவர் அசையாமல் பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

இது நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் வடிவமைத்த பூமராங் வகையைச் சேர்ந்தது. அந்த வகையின் முதல் கோஸ்டர் 1984-இல் வந்தது. பாதை வட்டமாகச் சுற்றி வருவதில்லை. இரண்டு முனைகளிலும் இரண்டு செங்குத்தான மேடுகள், நடுவில் சுருட்டல்கள், அவ்வளவுதான். ஒரு கம்பிவடம் வண்டியைப் பின்னோக்கி முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுகிறது. இவ்வகையில் உயரம் வழக்கமாக 35 மீட்டரை ஒட்டியும், வேகம் மணிக்கு 76 கிலோமீட்டரை ஒட்டியும் இருக்கும். வண்டியில் எஞ்சின் கிடையாது. விட்ட கணத்திலிருந்து அதை ஓட்டுவது அதன் எடை மட்டுமே. நிலையத்தைக் கடந்து, மூன்று முறை தலைகீழாகி, இரண்டாம் மேட்டில் ஏறும்போது, காற்றும் உராய்வும் தின்றது போக மிஞ்சிய வேகம் உச்சிவரை போதுவதில்லை. ஆகவே அங்கே ஒரு சங்கிலி வண்டியைப் பற்றி மீதி உயரத்துக்கு ஏற்றி மறுபடியும் விடுகிறது. வந்த வழியே முதுகு முன்னால் போகத் திரும்பி வருகிறோம்.

ஏறியபோது நடந்ததைச் சொல்வதென்றால், பயம் முழுவதும் அந்த முதல் இழுப்பில்தான் இருந்தது. பின்னோக்கி ஏறுவதால் முகம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது. உடம்பு தோள்கட்டில் தொங்குகிறது. கீழே கம்பித் தடுப்பருகே அப்பாவின் வெள்ளைச் சட்டை சிறிதாகிக்கொண்டே போகிறது. விட்ட பிறகு பயப்பட நேரம் இல்லை. தலைகீழானதே எனக்குத் தெரியவில்லை. யாரோ தோளைப் பிடித்து இருக்கைக்குள் அழுத்துவது போலத்தான் இருந்தது. திரும்பி வரும் பயணம் வேறு மாதிரி. எங்கே வளையும் என்று கண்ணுக்குத் தெரியாததால் கழுத்து தயாராக இல்லை, வயிறு ஒரு நொடி பிந்தி வந்து சேர்ந்தது. மகன் "இன்னொரு தடவை" என்றான். நான் தண்ணீர் கேட்டேன்.

நாங்கள் இறங்கி வந்தபோது அப்பா அங்கிருந்த பணியாளர் ஒருவரிடம் தம் லாரிக் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "பிரேக் யார் கையில இருக்கு?" வண்டியில் பிரேக்கே இல்லை, அது பாதையோடு பொருத்தப்பட்டிருக்கிறது, வண்டியின் அடியில் இருக்கும் தகட்டை அது கவ்விப் பிடிக்கும் என்று பதில் வந்தபோது, அப்பா என் பக்கம் திரும்பி, "ரோட்டுலயே பிரேக் வெச்சிருக்காங்கம்மா" என்றார். அந்த வியப்பின் கனம் எனக்குப் புரிந்தது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது அவருடைய வேதம். நியூட்ரலில் போட்டால் எஞ்சினின் பிடிப்பு போய்விடும்; பிரேக்கை விடாமல் மிதித்தால் சக்கரத்தின் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும்; காற்றழுத்தமும் குறைந்துகொண்டே போகும். எஞ்சினும் இல்லாமல் ஓட்டுநரும் இல்லாமல் இருபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டி அவருடைய அனுபவம் முழுவதற்கும் எதிரானதாக இருந்தது.

சக்கரங்களைப் பற்றி நான் சொன்னதும் அவருக்குப் பிடித்திருந்தது. தண்டவாளத்தின் மேலே ஓடுவது ஒரு வரிசை, பக்கவாட்டில் பிடிப்பது ஒரு வரிசை, கீழிருந்து அணைத்துக்கொள்வது ஒரு வரிசை. அந்தக் கீழ்ச்சக்கரத்துக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் இவ்வளவு செங்குத்தான சரிவுகளை அமைக்கும் துணிச்சல் வந்தது. அதற்கு முன், 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் அமைத்த கோஸ்டர் வண்டி மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் போனது; நம் ஊர் டிவிஎஸ் எக்ஸெல் மூட்டையோடு அதை முந்திவிடும். அதே தீவில் 1895-இல் வண்டியைத் தலைகீழாக்கிச் சுற்றும்படி சரியான வட்ட வடிவில் கட்டிய சுழல் கழுத்தை நோகடித்ததற்கும், இன்றைய சுழல்கள் மேலே குறுகிக் கீழே அகன்று நீர்த்துளி வடிவில் இருப்பதற்கும் தொடர்பு உண்டு. நேர்க்கோட்டிலிருந்து திடீரென்று வட்டத்துக்குள் நுழைந்தால் உடம்பு தாங்காது. வளைவு கொஞ்சம் கொஞ்சமாக இறுக வேண்டும். நெடுஞ்சாலை வளைவுகளையும் அதே கணக்கில்தான் போடுகிறார்கள் என்றேன். "எல்லா வளைவையும் இல்ல" என்றார் அப்பா, எந்த வளைவை மனத்தில் வைத்துச் சொன்னாரோ.

மதியம் வாகன நிறுத்துமிடத்துக்கு வந்து புளிசாதம் சாப்பிட்டதும், பிறகு மகன் நீர்ச்சறுக்கல்களில் மாலைவரை ஊறிக் கிடந்ததும் தனியாகச் சொல்லும்படியானவை அல்ல. அப்பா ராட்சத ராட்டினத்தில்கூட ஏறவில்லை. கிளம்பும் முன் மட்டும் தனியாகப் போய் மறுபடியும் அந்தப் பணியாளரைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு வந்தார்.

ஓசூரில் டீ குடித்த பிறகு சாவியை வாங்கிக்கொண்டு அவரே ஓட்டினார். சூளகிரி தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, தினமும் காலையில் ஆள் ஏற்றாமல் வண்டியை ஓட்டிப் பார்த்து, சக்கரத்தையும் தோள்கட்டையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் திறப்பார்களாம் என்றார். பாரம் ஏற்றிய லாரியைச் சுற்றி வந்து இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்க்கும் அவரை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பின் இருக்கையில் மகன் தூங்கிவிட்டிருந்தான். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசை நீண்டிருந்தது. அப்பா கியரைக் குறைத்து மெல்ல அதில் போய் நின்றார்.