ஓசூர் மாடியில் ஆறு பை உருளைக்கிழங்கு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தக்காளி, கத்தரி, கீரை எல்லாம் நாலைந்து வருடமாக வந்துகொண்டிருக்கின்றன. உருளைக்கிழங்கு மட்டும் முதல் தடவை கைவிட்டுவிட்டது. சமையலறைக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த கிழங்குகளை மார்ச் கடைசியில் மூன்று குரோ பேக்குகளில், அதாவது செடி வளர்க்கும் பைகளில், நட்டேன். செடி தளதளவென்று இடுப்பளவு வளர்ந்தது. ஜூனில் பையைக் கவிழ்த்தால் வேர்க்கற்றையும், கோலிக்குண்டு அளவில் நான்கு கிழங்கும்தான் இருந்தன. மூன்று மாதம் தண்ணீர் சுமந்த கை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மண் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மைக் காரணத்தைச் சொன்னவர் தளி பக்கத்தில் உருளை போடும் ஒரு பெரியவர். சந்தையில் பழக்கமானவர். "ஏம்மா, வெயில் காலத்துல போட்டா இலைதான் வரும், கிழங்கு எங்க வரும்? ராத்திரி குளிரணும். தீபாவளி மழை விட்டதும் போடுங்க" என்றார்.

அப்புறம் தேடிப் படித்தபோது அவர் சொன்னது முழுக்கப் புரிந்தது. உருளைக்கிழங்கு வேர் இல்லை. மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. அது நன்றாக நடக்க இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். மண்ணின் சூடு 30 டிகிரியைத் தொட்டால் கிழங்கு பிடிப்பது ஏறக்குறைய நின்றேபோகும். செடி தன் சத்தையெல்லாம் இலைக்கும் தண்டுக்கும் செலவழித்துவிடும். ஏப்ரல் வெயிலில், சிமெண்ட் தளத்தின் மேல் கருப்புப் பையை வைத்திருந்தேன். கிழங்கு எப்படி வரும்?

விதைக்கு ஊட்டியில் இருக்கும் சித்தியிடம் கேட்கலாம் என்றிருந்தேன். பெரியவர் அதையும் தடுத்தார். உருளையைத் தாக்கும் ஒரு நூற்புழு 1961ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைகள் மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வேறு ஊருக்குப் போய்விடும் என்பதால்தான் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் ஊட்டிக் கிழங்கு சமைக்கத்தான், நடுவதற்கு இல்லை. ஒரு பைதானே என்று நினைக்காதீர்கள். அந்த மண்ணை நாளைக்கு எங்காவது கொட்டத்தானே போகிறோம்? பெரியவர் தன் வயலுக்கு வாங்கிய விதைக்கிழங்கில் ஒரு கிலோ கொடுத்தார். குப்ரி ஜோதி ரகம்.

அக்டோபர் நடுவில் அவற்றை முட்டை அட்டையில், முளை வரும் குழியான கண் மேலே பார்க்கும்படி அடுக்கி, வெயில் படாத ஆனால் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வைத்தேன். இருட்டில் வைத்தால் முளை வெள்ளையாக, நீளமாக வந்து தொட்டாலே ஒடியும். வெளிச்சத்தில் குட்டையாக, கெட்டியாக, கருஊதா நிறத்தில் வந்தது. பெரிய கிழங்குகளை ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டிய பக்கத்தில் அடுப்புச் சாம்பல் தொட்டு, இரண்டு நாள் நிழலில் ஆற விட்டேன். இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். ஈரத்தோடு நட்ட ஒரு துண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது, வேறு துண்டு வைக்க வேண்டியதாயிற்று.

பை 15 அங்குலத்துக்கு 15 அங்குலம். ஆறு பை. செம்மண் இரண்டு பங்கு, கழுவிப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பைக்கு இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. பையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் நிரப்பினேன், மேல் ஓரத்தைச் சுருட்டி விட்டேன். நவம்பர் இரண்டாம் வாரம், பைக்கு இரண்டு துண்டு, நான்கு விரல் ஆழத்தில் நட்டேன். அடியில் செங்கல் வைத்து, பையைச் சுற்றிப் பழைய கோணிச்சாக்கைக் கட்டினேன். பகல் வெயில் பையின் பக்கவாட்டில் நேராக அடிக்காமல் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

பதினாறாம் நாள் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. செடி ஒரு சாண் வளர்ந்ததும் பாதித் தண்டு மூடும்படி மண் அணைத்தேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. மேலே மேலே மண் போட்டால் அடுக்கடுக்காகக் கிழங்கு பிடிக்கும் என்று பலர் சொல்கிறார்கள். என் பைகளில் அப்படி இல்லை. கிழங்கெல்லாம் நட்ட துண்டுக்குச் சற்று மேலேயே கூட்டமாக இருந்தன. ஆனாலும் மண் அணைப்பதை விடக் கூடாது. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும், பச்சையானதில் நச்சுப் பொருள் கூடும். அப்படி ஓரத்தில் எட்டிப் பார்த்த இரண்டு கிழங்கைத் தூக்கித்தான் போட்டேன்.

தண்ணீர்தான் மிக முக்கியம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினேன். மார்கழிப் பனியில் இலை நெடுநேரம் நனைந்தே இருக்கும், நோய் அதில்தான் சீக்கிரம் பிடிக்கும். அதனால் காலை எட்டு மணிக்கு மேல், இலையில் படாமல், அடியில் மட்டும் ஊற்றினேன். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒரு தடவை வந்தது. வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து இரண்டு முறை அடித்ததும் போய்விட்டது.

ஜனவரியில் ஒரு பயம். பூத்த பிறகுதான் கிழங்கு பெருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். என் செடிகளில் பூவே வரவில்லை. பெரியவருக்குப் போன் செய்தேன். "நம்ம பக்கம் பனிக்காலத்துல பூக்காதும்மா. பகல் பொழுது சின்னது. விரலை விட்டுப் பாருங்க" என்றார். பையோரத்தில் மண்ணை மெதுவாக விலக்கினேன். எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. மண்ணை அப்படியே மூடிவிட்டுக் கீழே இறங்கி வந்து அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் இலை மஞ்சளாகத் தொடங்கியது. தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் விட்டேன். கிழங்கின் தோலைக் கட்டைவிரலால் தேய்த்தால் உரியக் கூடாது, அதுதான் பதம். 96ஆம் நாள் தார்ப்பாய் விரித்து ஒவ்வொரு பையாகக் கவிழ்த்தோம். ஆறு பையில் மொத்தம் 4 கிலோ 300 கிராம். கிழக்குப் பக்கம், பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் நிழல் விழும் இடத்தில் இருந்த இரண்டு பைகள் மட்டுமே ஏறக்குறைய இரண்டு கிலோ கொடுத்தன. மேற்கு வெயிலில் இருந்த ஒரு பையில் 400 கிராம்தான்.

கழுவாமல், மண்ணை மட்டும் உதறி, இருட்டான அறையில் ஒரு வாரம் பரப்பி வைத்தோம். நெல்லிக்காய் அளவுக் கிழங்குகளை மட்டும் அன்றைக்கே தோலோடு வேகவைத்து, மிளகு, பூண்டு தட்டிப் போட்டு அம்மா வறுத்தார். தளி பெரியவருக்கு அரைக் கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கிழங்கைக் கையிலேயே இரண்டாக ஒடித்துப் பார்த்து, "நல்லா முத்தியிருக்கு" என்றார். அடுத்த ஐப்பசிக்கு எல்லாப் பைகளையும் கிழக்குப் பக்கம் மாற்றிவிடுவேன். இடம் அளந்து பார்த்தாயிற்று, பத்துப் பை தாராளமாக நிற்கும்.