கொடியில ஒண்ணே ஒண்ண மாத்துங்க, போதும்

தேசியக் கொடிய வச்சு டிஜிட்டல் கொலாஜ் (கம்ப்யூட்டர்ல பல படத்த வெட்டி ஒட்டி ஒரே படமாக்குறது) பண்றவங்க வேலைய நான் தேடித் தேடிப் பாக்குற ஆளு. நிறைய பேர் பண்றது ஒரே மாதிரி இருக்கு. பட்டைக்குள்ள அந்த நாட்டு கோட்டை, மிருகம், பூ, தலைவர் முகம், பாரம்பரிய உடை போட்ட பொண்ணுன்னு எல்லாத்தையும் திணிச்சு வச்சிடுறாங்க, பளபளன்னு அழகா இருக்கும், ஆனா டூரிஸ்ட் போஸ்டர் சொல்றதத் தாண்டி ஒண்ணும் சொல்லாது. அத விட எரிச்சல், எல்லா நாட்டுக் கொடியையும் ஒரே அளவு செவ்வகத்துல அடைச்சிடுறது. சுவிட்சர்லாந்து கொடி சதுரம், கத்தார் கொடி 11:28ன்னு நீளமா போகும், நேபாளக் கொடி செவ்வகமே கிடையாது, ரெண்டு முக்கோணம். அந்த வடிவமே பாதி அர்த்தம், அதை வெட்டிட்டு உள்ள என்ன ஒட்டினாலும் எனக்கு ஒட்டல.

ஏன்னா கொடியே ஒரு கொலாஜ் தான். பிரிட்டன் கொடியான யூனியன் ஜாக்க எடுத்துக்கங்க, 1606ல இங்கிலாந்தோட செயின்ட் ஜார்ஜ் சிலுவையையும் ஸ்காட்லாந்தோட செயின்ட் ஆண்ட்ரூ சிலுவையையும் ஒண்ணா சேத்துப் போட்டாங்க, 1801ல அயர்லாந்துக்காக செயின்ட் பேட்ரிக்கோட சிவப்பு வந்து சேந்துச்சு, அதுவும் நட்ட நடுவுல இல்ல, ஸ்காட்லாந்தோட வெள்ளைக்கு வழி விட்டு கொஞ்சம் தள்ளி நிக்குது. வேல்ஸுக்கு ஒரு கோடு கூட கிடையாது, அது ஏற்கெனவே இங்கிலாந்துக்குள்ள அடக்கம்னு கணக்கு. இலங்கைக் கொடியில சிங்கம் ஒரு கட்டத்துல, தமிழருக்கும் முஸ்லிமுக்கும்னு வச்ச ஆரஞ்சும் பச்சையும் பக்கத்துல வேற கட்டத்துல. யார் மேல, யார் ஓரத்துல, யார் இல்லவே இல்லங்கிறது எல்லாமே அந்த லேயர்லயே, ஒண்ணு மேல ஒண்ணா வச்ச அடுக்குலயே தெரியுது, அதத் தோண்டி எடுக்குறது தான் கலைஞரோட வேலைன்னு நான் நினைக்கிறேன்.

அப்படித் தோண்டினவங்க எவ்வளவு கம்மியா மாத்தினாங்கன்னு பாருங்க. 1996ல பிரிட்டிஷ் கலைஞர் மார்க் வாலிஞ்சர் யூனியன் ஜாக்குல ஒரு கோட்டக் கூட நகத்தல, அயர்லாந்து கொடியோட பச்சை, வெள்ளை, ஆரஞ்ச மட்டும் அதுக்குள்ள ஊத்தினாரு, வட அயர்லாந்து பிரிட்டனோட இருக்கணுமா அயர்லாந்தோட சேரணுமாங்கிற சண்டை இன்னும் ஓயாத நேரம் அது, ரெண்டு பக்கமும் சேரவே முடியாதுன்னு சொல்ற ரெண்டு விஷயம் ஒரே துணியில! அமெரிக்கக் கலைஞர் டேவிட் ஹாமன்ஸ் 1990ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு கண்காட்சிக்காக அமெரிக்கக் கொடிய சிவப்பு, கருப்பு, பச்சையில செஞ்சாரு, அது 1920ல மார்க்கஸ் கார்வி இயக்கம் கறுப்பின மக்களுக்காக எடுத்த நிறம். 2003ல பிரிட்டிஷ் கலைஞர் கிறிஸ் ஒஃபிலி அதே மூணு நிறத்த யூனியன் ஜாக்குக்குப் போட்டாரு. தூரத்துல இருந்து பாத்தா பழகின கொடி, கிட்ட வந்தா வேற யாரோ அங்க குடியிருக்காங்க.

அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954-55ல பண்ண அமெரிக்கக் கொடிக்குள்ள இன்னொரு விஷயம் இருக்கு. அது பெயின்ட் மட்டும் இல்ல, செய்தித்தாள் துண்டுகள உருக்கின மெழுகு நிறத்தோட ஒட்டி ஒட்டி வளத்தது, உத்துப் பாத்தா கோட்டுக்கு அடியில அச்செழுத்து தெரியும். 48 நட்சத்திரம் தான், அலாஸ்காவும் ஹவாயும் அப்ப மாநிலம் ஆகல. கொடிக்கு அடியில அன்னன்னைக்கு நடந்த சாதாரண சேதி கிடக்குது, இத விட நல்ல டிஜிட்டல் கொலாஜ் பாடம் எனக்குத் தெரியல, இத்தனைக்கும் அது மெழுகு.

இப்ப கம்ப்யூட்டர்ல இதையே ஒரு நிமிஷத்துல பண்ணிடலாம், கொடி மேல போட்டோவ வச்சு பிளெண்ட் மோட (ரெண்டு லேயரும் எப்படிக் கலக்கணும்ங்கிற செட்டிங்) மல்டிப்ளைக்கு மாத்தினா முடிஞ்சுது. ஆனா அங்க ஒரு விஷயத்த கவனிக்கணும், மல்டிப்ளைல வெள்ளைப் பட்டைக்கு மேல வர்ற போட்டோ அப்படியே தெளிவா தெரியும், சிவப்புல முகம் ரத்தச் சிவப்பா இருளும், கரும் நீலத்துல கிட்டத்தட்ட மூழ்கிடும். அப்ப எந்த மனுஷன வெள்ளையில நிக்க வைக்கிற, யாரை நீலத்துல முக்குற, அது டெக்னிக் இல்ல, நீ எடுக்குற முடிவு. நல்லா பண்றவங்க இத யோசிச்சுப் பண்றாங்க, ஒரே ஒரு போட்டோ, சரியான பட்டை, அவ்வளவு தான். இருபது லேயர் போட்டவங்க படத்துல கண்ணு எங்க நிக்கிறதுன்னே தெரியாம அலையுது.

ஜப்பான் கலைஞர் யுகினோரி யானகி இன்னும் ஒரு படி மேல போனாரு, நிற மணல்ல நாட்டுக் கொடிகள பெட்டி பெட்டியா போட்டு குழாயால இணைச்சு உள்ள எறும்ப விட்டுட்டாரு. எறும்பு சுரங்கம் தோண்டத் தோண்ட ஒரு நாட்டு மணல் இன்னொரு நாட்டுக்குப் போகுது, எல்லைக்கோடெல்லாம் கரையுது. 1990ல ஆரம்பிச்ச வேலை, கலைஞர் கையே படாம கொலாஜ் தானா நடக்குது. எனக்கு இதுல பிடிச்சது பொறுமை தான்.

கடைசியா யாரா சயீத் பத்தி சொல்லியே ஆகணும். சிரியாவுல இருந்து தப்பிச்சு ஆம்ஸ்டர்டாம் வந்த கலைஞர், 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல முதல் தடவையா அகதிகள் அணி இறங்குனப்ப அவங்களுக்குன்னு ஒரு கொடி டிசைன் பண்ணாங்க. முழுக்க ஆரஞ்சு, குறுக்க ஒரே ஒரு கருப்புப் பட்டை. லைஃப் ஜாக்கெட் நிறம் அது, கடல் தாண்டி வந்தவங்க போட்டிருந்தது. அணி ஒலிம்பிக் கொடியோட தான் அணிவகுத்துப் போச்சு, இந்தக் கொடிக்கு அந்த எடம் கிடைக்கல. ஆனா பாருங்க, அதுல படகு இல்ல, அலை இல்ல, அழுற குழந்தை இல்ல, அதையெல்லாம் ஒட்ட எவ்வளவு ஆசை வந்திருக்கும், ஒண்ணையும் ஒட்டல. டிஜிட்டல் கொலாஜ் பண்றவங்க எல்லாரும் இந்தக் கொடிய ஒரு தடவ திறந்து வச்சுப் பாத்துட்டு, அப்புறம் தன்னோட ஃபைல்ல எத்தனை லேயர் நிஜமாவே வேணும்னு எண்ணிப் பாக்கட்டும்.