தீ பட்டால் பூக்கும் பால்கா

ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் கிழக்கே ஜான் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அருவியைத்தான் படம் எடுக்கிறார்கள், எனக்கு அங்கே பால்கா என்கிற புல்மரம்தான் முக்கியம். கரிபிடித்த கறுப்புத் தண்டு, உச்சியில் சிலுப்பிய தலைமுடி மாதிரி ஒரு பச்சைக் கற்றை. புல்மரம் என்பார்களே தவிர புல்லும் இல்லை, பனையும் இல்லை, சோற்றுக்கற்றாழைக்குத்தான் சொந்தம். ஒரு இலையை விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், சரியாக உருளாது, விளிம்புகள் தட்டுப்படும்.

தண்டின் வெளிப்பக்கம் முழுக்கப் பழைய இலைகளின் அடிக்கட்டைகள், பிசினில் ஒட்டி இறுகியவை, காட்டுத்தீ வந்தால் உள்ளே இருக்கும் குருத்துக்கு அதுதான் கவசம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வளரும், அப்படியென்றால் ஆள் உயரத்துக்கு நிற்பதன் வயசை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தீ போன பிறகுதான் கூத்து: மற்ற வருஷங்களில் எங்காவது ஒன்றிரண்டு பூக்கும், இப்போது காடே பூந்தண்டு விடும், வெயில் விழும் வடக்குப் பக்கம் முதலில் மலர, தேனீயும் பறவையும் மொய்க்கும். இதன் பிசினோடு கரித்தூளும் கங்காரு சாணமும் கலந்துதான் அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான நூங்கார் மக்கள் கல்கோடாரிக்குப் பிடி ஒட்டினார்கள்.

ஜாரா என்கிற யூகலிப்டஸ் மரக் காட்டின் சரளை மண், கரையோர மணல், எதிலும் பிழைக்கும். ஆனால் தீக்கு அசராத இந்த மரத்தை வேரை அழுகவைக்கும் ஃபைட்டோப்தோரா என்கிற நுண்ணுயிரி சாய்த்துவிடுகிறது, அதை நம் ஷூவில் ஒட்டிய ஈரமண்ணே அடுத்த காட்டுக்குக் கொண்டுபோய்விடும். நடைபாதை முகப்பில் பிரஷ் வைத்திருந்தால் தயவுசெய்து தேய்த்துவிட்டு உள்ளே போங்கப்பா.